பழம்பொருள் விற்ற படலம்

சென்ற கார்த்திகைத் திங்களில் நமக்குச் சென்னைக்கு இடமாறுதல் ஆணை வந்தது. இருபத்தோர் ஆண்டுகள் திருவனந்தபுரத்து அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திவிட்ட நமக்கு அஃது எதிர்பாராத செய்தி அன்று. ஆயினும் வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் எழுந்த கேள்வி, சென்னையில் எங்கே குடியிருப்பது என்பதோ, மகளின் படிப்பு என்னவாகும் என்பதோ அன்று. "இத்தனை சாமான்களையும் என்ன செய்வது?" என்றுதான் துணைவியார் கேட்டார். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் சங்க அன்பர்களில் இக்கேள்வியை ஒருமுறையேனும் கேளாத இல்லத்தரசியர் இருக்க மாட்டார்கள்.

நாம் வாழ்வது அம்பூரி. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு மூலையாக இருந்து, பின்னர்க் காட்டாக்கடை வட்டத்தோடு சேர்ந்த மலையடிவார ஊர். ஒரு புறம் ரப்பர்த் தோட்டங்கள்; மறுபுறம் நெய்யாற்று அணையின் நீர்ப்பரப்பு; வெள்ளறடையைத் தாண்டிப் பனச்சமூடு சென்றால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு அப்படி விழுந்ததே தவிர, கோட்டின் இரு பக்கத்து மக்களும் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் இன்றுவரை அதைக் கடந்து கொண்டேதான் இருக்கிறார்கள்.

நம் தந்தையாரும் அவ்வாறு கடந்து வந்தவரே. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டாம் வயதில், தலையில் ஒரு கூடையும் தோளில் ஒரு சாக்கும் தாங்கி வந்தார். கூடையில் எவர்சில்வர் பாத்திரங்கள், சாக்கு காலி. வீடு வீடாக ஏறி எவர்சில்வரைக் கொடுத்து, பழைய பித்தளை, செம்பு, வெண்கலம், ஜரிகை கிழிந்த பட்டுச் சேலை ஆகியவற்றை வாங்குவார். மாலையில் கூடை காலியாகும், சாக்கு நிறையும். அத்தொழிலில்தான் மூன்று அறை கொண்ட இவ்வீடு எழுந்தது, நாம் பி.ஏ. படித்ததும் அதனால்தான். ஆகவே, பழைய பொருளை விற்பது பற்றி எழுத நமக்குப் பரம்பரை உரிமை உண்டு என்று அன்பர்கள் கொள்ளலாம். உரிமைதான் உண்டு, திறமை இல்லை என்பது போகப் போகப் புலப்படும்.

நான்காம் ஊதியநிலையில் உள்ள மத்திய அரசு ஊழியர் இடமாறுதலின்போது 1500 கிலோ எடையுள்ள வீட்டுப் பொருள்களை அரசுச் செலவில் கொண்டு செல்லலாம். ஆயிரத்து ஐந்நூறு கிலோ என்பது கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தந்தையார் செய்வித்த அயனிப் பலா மரத்துக் கட்டிலும் பத்தாயமும் மட்டும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மேலும், சென்னையில் நமக்குக் கிடைக்கக்கூடிய வீட்டின் அளவு, அம்பூரி வீட்டின் அடுக்களை அளவே. குறைத்தாக வேண்டும். துணைவியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் நின்று பதினொரு பொருள்களைத் திண்ணையில் வரிசையாக வைத்தார். இரும்புக் கட்டில், சாய்த்து ஊற்றும் கிரைண்டர், மகள் எட்டாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிள், மேசை மின்விசிறி, இரட்டை அடுப்பு, குக்கர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், பள்ளிப் புத்தகக் கட்டு, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், மகள் நடை பழகிய காலத்து மூன்று சக்கர வண்டி. நாற்காலி நான்கையும் ஒன்றாகக் கொள்க.

முதலில் வந்தவர் ஆக்கிரிக்காரர். தமிழ்நாட்டில் காயலான் கடைக்காரர் என்று நாம் சொல்பவரை இங்கே அப்படித்தான் அழைப்பர். அவர் பொருள்களைப் பார்க்கவில்லை, தூக்கிப் பார்த்தார். கட்டில், கிரைண்டர், சைக்கிள் மூன்றுக்கும் 1,300 ரூபாய். ஏனைய எட்டுக்கும் சேர்த்து 600. ஆக 1,900 என்றார். அரைமணி நேரத்தில் திண்ணை காலியாகியிருக்கும். ஆனால் அந்தக் கிரைண்டர் இன்னும் மாவு ஆட்டிக் கொண்டிருக்கிறது. சைக்கிளின் மணி இன்னும் ஒலிக்கிறது. ஓடுகின்ற பொருளை உடைக்கக் கொடுப்பதற்குத் துணைவியாருக்கு மனம் ஒப்பவில்லை. மகள்தான் சொன்னாள்: "அப்பா, போனிலேயே விற்கலாமே. படம் எடுத்துப் போட்டால் போதும்."

படம் எடுத்துப் போட்டால் போதும் என்ற அந்தச் சொல்லை நம்பி நாம் செலவழித்த காலத்தைப் பின்னால் கணக்கிட்டோம். அதற்குமுன் இத்தொழிலின் வரலாற்றைச் சற்றே சொல்லிவிடுவது முறை.

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் பிற்காலத்தில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏல இணையதளத்தைத் தொடங்கினார். அதில் முதன்முதலாக விலை போன பொருள் ஒரு பழுதான லேசர் சுட்டி. 14 டாலர் 83 சென்ட். உடைந்து போனது என்று தெரிந்தேதான் ஒருவர் அதை வாங்கினார். அப்படிப் பார்த்தால், இவ்வணிகம் பிறந்ததே மலிவான, பழைய, பயன் குன்றிய ஒரு பொருளில்தான். நம் நாட்டில் பாசி என்ற ஏலத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. இந்தியாவில் அதன் கடை 2018-இல் மூடப்பட்டது. வேறு தளங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. சிங்கையில் மக்களைக் கொண்டுள்ள அன்பர்கள், அங்கே சுங்கை சாலைப் பழம்பொருட் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டதையும், விற்போரும் வாங்குவோரும் கைப்பேசிக்குக் குடி பெயர்ந்ததையும் அறிவார்கள். சென்னை மூர் மார்க்கெட்டை நாம் சிறு பிள்ளையாகவும் கண்டதில்லை. அது 1985-இல் தீக்கிரையானபோது நமக்குக் கைக்குழந்தைப் பருவம். ஆனால் அங்கே ஒரு ரூபாய்க்கு வாங்கிய அகராதியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த ஆசிரியரிடம் நாம் படித்தோம். அவர் அந்த ஒரு ரூபாயைச் சொல்லும்போது, அரைநாள் அலைந்ததையும் சேர்த்துத்தான் சொல்வார். அலைச்சல் அவருக்கு விலையின் பகுதி அன்று, இன்பத்தின் பகுதி.

நமக்கோ முதலில் அச்சம்தான் வந்தது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964-இன் 15-ஆம் விதி, முன் அனுமதியின்றி அரசு ஊழியர் வணிகம் எதிலும் ஈடுபடலாகாது என்கிறது. பழைய குக்கரை விற்பது வணிகமாகுமா? 18-ஆம் விதியைப் புரட்டினோம். அசையும் பொருளின் மதிப்பு இரண்டு மாத அடிப்படை ஊதியத்துக்கு மேற்பட்டால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் திண்ணையிலிருந்த பதினொன்றையும் தங்க முலாம் பூசி விற்றாலும் அந்த எல்லையை எட்டாது என்பதால் நிம்மதி பிறந்தது. எழுத்தராகப் பிறந்தவர் விதியைப் பாராமல் வீட்டைக்கூடப் பெருக்க மாட்டார் என்று துணைவியார் சொன்னதை இங்கே பதிவு செய்கிறோம்.

விளம்பரம் எழுதுவது எளிதன்று. எம்மொழியில் எழுதுவது? கட்டில் என்றால் மலையாளத்திலும் கட்டில்தான்; தொல்லையில்லை. நாற்காலி என்றால் இங்கே கசேர. ஒவ்வொரு பொருளுக்கும் மும்மொழியில் எழுதினோம். வெயில் விழும் திசை பார்த்துத் திருப்பி வைத்துப் படம் எடுத்தோம். மலையடிவாரத்தில் கைப்பேசிக்கு அலை கிடைப்பது அரிது; படம் மேலேற வேண்டுமானால் கோயில் முக்குவரை நடந்து, அங்கே பாலத்துச் சுவரில் உட்கார வேண்டும். மூன்று மாலைகள் அவ்வாறு உட்கார்ந்தோம். தளமோ, "உங்களிடமிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் ஆர்வம் காட்டுகிறார்" என்று சொல்லும். காக்கை பறக்கும் கணக்கில் அது சரிதான். அந்த அன்பருக்கும் நமக்கும் இடையே நெய்யாற்று நீர்த்தேக்கம் கிடக்கிறது என்பதைத் தளம் அறியாது. சுற்றி வர இரண்டு பேருந்து மாற வேண்டும்.

கேள்விகள் வந்தவண்ணம் இருந்தன. "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையார். "இருக்கிறது" என்று நாம் எழுதியவுடன் அவர்களுள் முப்பது பேர் மறைந்து போனார்கள். கடையில் பாதி விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் என்று அறிவுரை கூறினோர் உண்டு. குழித்துறையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, கடைசி விலை சொல்லுங்க" என்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். சுவர்க் கடிகாரத்தின் விலை நூறு ரூபாய்; அதற்குக் கடைசி விலை எது என்று நமக்கே தெரியவில்லை.

இடையில் ஒரு நாள், தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், வேறு ஊருக்கு மாற்றலாகி வருவதால் கிரைண்டர் உடனே தேவை என்றும் இந்தியில் ஒருவர் பேசினார். பேரமே பேசவில்லை. அப்போதே நாம் ஐயுற்றிருக்க வேண்டும். ஆனால் இடமாறுதல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளம் உருகிவிட்டது. பணம் அனுப்புவதற்காக என்று சொல்லி ஒரு கட்டக் குறியீட்டை அனுப்பி, அதைப் படம்பிடித்து இரகசிய எண்ணை இடச் சொன்னார். விரல் எண்ணின்மேல் போய்விட்டது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த துணைவியார், "பணம் வாங்குவதற்கு நாம் எதற்கு எண்ணை அழுத்த வேண்டும்? உண்டியலில் காசு போடுகிறவன் பூட்டைத் திறக்கச் சொல்வானா?" என்றார். உண்மை அதுவே. பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை; கொடுப்பதற்கே தேவை. தனிநபரிடம் தனிநபர் பணம் கோரி அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் குறியீட்டைக் காட்டி ஏய்க்கும் வழி நிற்கவில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதை எழுதும்போதும் நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம்மவர் யாரேனும் ஒருவர் விரலை எடுத்துக் கொள்ளக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

விற்ற கதைகள் எல்லாவற்றையும் சொல்லிச் சலிப்பூட்ட விரும்பவில்லை. புத்தகக் கட்டைக் கொல்லத்தில் ஒரு மாணவர் 200 ரூபாய்க்குக் கேட்டார். அச்சிட்ட புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த பதிவஞ்சல் முறையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஆகையால் கட்டுக் காகிதத்தோடு 90 ரூபாய் நம் கையைக் கடித்தது. குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் காட்டாக்கடைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நாமே சுமந்து சென்று கொடுத்தோம். பேருந்துக் கட்டணம் 130.

மின்விசிறியை மட்டும் சொல்ல வேண்டும். 350 ரூபாய் என்று போட்டிருந்தோம். வெள்ளறடைப் பக்கம் கட்டட வேலை செய்யும் ஒடிசா மாநிலத்து இளைஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். பேருந்து இல்லாத நேரம். கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார். மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் எதிரில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு முந்நூறுக்குத் தர இயலுமா என்று கேட்டார். நாம் இயலாது என்று சொல்ல வாயெடுத்தோம். ஆறு நாளாக "கடைசி விலை" கேட்டவர்கள்மேல் எழுந்த எரிச்சல் இவர்மேல் விழ இருந்தது. தந்தையார் திண்ணையிலிருந்து, "வந்த வழியைக் கழிச்சிக்கிட்டுக் கேக்கான், மக்கா. கொடு" என்றார். முந்நூறுக்குக் கொடுத்தோம். அவர் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக் கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனார். அவர் சென்றபின் தந்தையார், தாம் இவ்வூருக்கு வந்த புதிதில் ஒரு தலையணையை எட்டணாவுக்கு வாங்கிய கதையைச் சொன்னார். ஐம்பத்தேழு ஆண்டுகளில் நாம் கேட்டிராத கதை என்று சொன்னால் அன்பர்கள் நம் வயதைப் பற்றி ஐயுறுவார்கள். நாம் பிறந்த நாள் முதல் கேட்டிராத கதை என்று திருத்திக் கொள்கிறோம்.

ஆறு வாரங்களில் பதினொன்றும் விலை போயின. அன்றிரவு நாம் ஒரு தாளில் கோடு கிழித்துக் கணக்கெழுதினோம். கட்டில் 1,800; கிரைண்டர் 1,500; சைக்கிள் 1,400; ஆக 4,700. ஏனைய எட்டும் சேர்த்து 2,000. மொத்தம் 6,700. கட்டிலைச் சாலைவரை இறக்கிய ஆட்டோவுக்கு 150, பேருந்து 130, அஞ்சல் 90 போக, நிகரம் 6,330 ரூபாய். எழுதியது, படமெடுத்தது, பேசியது, காத்திருந்தது, சுமந்தது எல்லாம் சேர்த்து 42 மணி நேரம். இதில் பெரிய பொருள்கள் மூன்றுக்கும் ஆனது ஒன்பது மணி. சிறிய எட்டுக்கும் முப்பத்து மூன்று மணி.

வகுத்துப் பார்த்தோம். பெரிய மூன்றிலும் மணிக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். சிறிய எட்டிலும் மணிக்கு ஐம்பத்து நான்கு ரூபாய். அதுவும், ஆக்கிரிக்காரர் அந்த எட்டுக்கும் தருவதாகச் சொன்ன 600 ரூபாயைக் கழித்துவிட்டால் மணிக்கு முப்பத்தாறு ரூபாய்கூடத் தேறவில்லை. நம் மாத ஊதியத்தை வேலை மணிகளால் வகுத்தால் முந்நூறுக்கு மேல் வருகிறது. "பார்த்தாயா, நஷ்டம்" என்று துணைவியாரிடம் தாளை நீட்டினோம்.

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாலை ஆறு மணிக்கு மேல் உங்களுக்கு மணிக்கு முந்நூறு ரூபாய் கொடுக்க யார் காத்திருக்கிறார்கள்?" என்றார். விடை இல்லை. அலுவலக நேரத்தின் விலையை வீட்டு நேரத்துக்கு ஒட்டியது நம் பிழை. பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நம் வீட்டுக்கு மேலே ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் மழைநீர்க் குழி வெட்டும் பெண்களுக்கு ஊரக வேலையுறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டு கேரளத்தில் நிருணயிக்கப்பட்ட நாட்கூலி 369 ரூபாய். எட்டு மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு 46. நாம் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்துச் சம்பாதித்ததைவிட அது பத்து ரூபாய் கூடுதல். ஆனால் அவர்கள் வெட்டியது மண். இக்கணக்கை யாரிடமும் சொல்லவில்லை, தாளிலும் எழுதவில்லை.

ஆனால் தொழில் அறிந்தவர் தந்தையார். அவர் தாளைக் கண்ணாடியில்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்து, நாம் செய்த பிழையை உடனே காட்டினார். "ஒரு பாத்திரத்துக்காக நான் ஒரு நாளும் மலை ஏறினதில்ல. கட்டிலுக்கு வந்தவன் கையில கடிகாரத்தையும் குடுக்கணும். கிரைண்டர் வாங்கினவளுக்குக் குக்கரைக் காட்டணும். நீ ஒண்ணுக்கு ஒருத்தன்னு பதினோரு பேரைக் கூப்பிட்டிருக்க" என்றார். எண்பதை நெருங்கும் வயதில் அவருக்கு வணிகம் மறக்கவில்லை. சிறு பொருளைத் தனியே விற்பவன் தன் காலையும் சேர்த்து விற்கிறான். பெரிய பொருளோடு ஒட்டி விடுபவனுக்கு அந்தக் கால் மிஞ்சும். இது எந்தத் தளத்தின் உதவிப் பக்கத்திலும் இல்லை. வேண்டாத பிளாஸ்டிக்கை எடுத்துச் செல்லும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கு மாதம் ஐம்பது ரூபாய் நாமே கொடுக்கிறோம்; தூக்கிப் போடுவதற்கும் விலை உண்டாகிவிட்ட நாளில், சும்மா எடுத்துச் செல்லும் ஒருவர் கிடைப்பதே வரவுதான் என்றும் சொன்னார். அடுத்த இடமாறுதலுக்கு நமக்கு இது உதவும்.

கட்டில் விற்ற நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம்.

கட்டிலைப் படம் எடுத்தபோது, அதன் காலோரம் சுவரில் சாய்ந்திருந்த ஒரு வெண்கல உருளியும் படத்தில் விழுந்துவிட்டது. கட்டிலைக் கேட்டவர்கள் ஐவர்; உருளியைக் கேட்டவர்கள் பதினால்வர். முற்காலத்தில் பாயசம் காய்ச்சிய உருளிக்கு இப்போது வேறு யோகம். நீர் நிரப்பிப் பூ மிதக்கவிட்டு விடுதி வாயில்களில் வைக்கிறார்கள். எர்ணாகுளத்தில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் ஒருவர் 6,000 ரூபாய் தருவதாகவும், வண்டி அனுப்பி எடுத்துக் கொள்வதாகவும் எழுதினார். பதினொரு பொருளுக்கும் நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கும் நமக்குக் கிடைத்தது 6,330. இதற்கோ ஒரு வரிப் பதில் போதும். தந்தையாரிடம் ஓடிப் போய்ச் சொன்னோம்.

அவர், "அது விக்க முடியாது" என்றார். ஏன் என்றோம். "அதை நான் இன்னும் வாங்கல" என்றார்.

2001 நவம்பர் முதல் வாரம். மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டில் அவ்வுருளியை அவருக்குக் கொடுத்தார்கள். ஈடாக ஓர் எவர்சில்வர் அண்டாவும் இரண்டு குடங்களும் பேச்சு. கூடையில் அன்று அண்டா இல்லை. அடுத்த திங்கட்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லி உருளியை எடுத்து வந்தார். நாற்பது வீடுகளில் அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. நவம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு அம்பூரியில் மலை சரிந்தது. 39 பேர் மாண்டார்கள். அந்த வீடும் மண்ணுக்குள் போயிற்று. தப்பியவர்கள் வேறு வேறு ஊர்களுக்கு உறவினரிடம் போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்கும் இடத்தில் அண்டாவைப் பற்றிப் பேசுவதா என்று நாணி, அன்று அவர் பேசவில்லை. நாணம் நாளாக நாளாக மௌனமாயிற்று. இரண்டு ஆண்டுகளில் தொழிலையும் விட்டார். தவணைக் கடைகள் வந்துவிட்டன என்பதே அதற்குக் காரணம் என்று நாம் எண்ணியிருந்தோம். உருளியை ஒருநாளும் அடுப்பில் ஏற்றவிடவில்லை.

எர்ணாகுளத்து அன்பருக்கு நாம் பதில் எழுதவில்லை. ஆறாயிரம் ரூபாய் நம் உறக்கத்தை இரண்டு இரவுகள் கெடுத்தது என்பதை மட்டும் ஒப்புக் கொள்கிறோம். லாரி ஏற்றுகூலி, முன்பணம், மகளின் விடுதிக் கட்டணம் என்று செலவுகள் வாயில்வரை வந்து நின்ற காலம் அது.

கட்டிலை வாங்க வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். கணவரும் உடன் வந்தார். கட்டிலின் காலில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தவர், உருளியின் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். இந்நாட்டில் பாத்திரத்தில் ஆள் பெயரைவிட வீட்டுப் பெயரை வெட்டுவதே பெரிதும் வழக்கம். "இது எங்கள் வலியம்மா வீட்டுப் பெயர் அல்லவா? உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று மலையாளத்தில் கேட்டார். தந்தையார் திண்ணையிலிருந்து எழுந்து நின்றார். அவர் அப்படி எழுந்து நின்றதை நாம் அண்மையில் கண்டதில்லை, மூட்டுவலிக்காரர்.

அவ்வீட்டு மகள் ஒருவர் உயிர் தப்பி, மணமாகி, ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறார் என்று அறிந்தோம். அடுத்த ஞாயிறு தந்தையாரும் நாமும் புறப்பட்டோம். வெள்ளறடையில் ஒரு பாத்திரக் கடையில் இறங்கி, அண்டாவைத் தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, இரண்டு குடங்களையும் அவ்வாறே பார்த்து, 3,450 ரூபாய் தம் சேமிப்பிலிருந்து கொடுத்தார். நாம் கொடுக்க முன்வந்ததைக் கையால் தடுத்தார். ஒரு பையில் உருளி. ஒரு சாக்கில் அண்டாவும் குடங்களும். இரண்டையும் அந்தப் பெண்ணின் முற்றத்தில் வைத்து, "மோளே, எது வேணும்?" என்று கேட்டார்.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபின் வெகுநேரம் உருளியின் விளிம்பைத் தடவிக் கொண்டிருந்தார். அவர் உருளியைத்தான் எடுப்பார் என்று நாம் எண்ணினோம். அம்மாவின் கைபட்ட பொருள் அல்லவா? ஆனால் அவர், "அம்மாவுக்கு உருளியைத் தேய்க்க முடியாமல்தான் அண்டா கேட்டார். அந்த வாரம் முழுதும் அண்டா வரும் என்று சொல்லிக் கொண்டிருந்தார். எனக்கு அண்டா போதும், மாமா" என்றார். உள்ளே சென்று அதில் தண்ணீர் ஊற்றி, அடுக்களைத் திட்டில் வைத்துப் பார்த்தார். எங்களுக்குச் சாயா கொடுத்தார். வேறு பேச்சு அதிகம் இல்லை.

திரும்பும் பேருந்தில் தந்தையார் உருளியை மடியில் வைத்திருந்தார். வீட்டில் இறங்கியதும் அதை நம்மிடம் கொடுத்து, "இப்ப இது நம்மது. வாங்கின விலை 3,450. இனி விக்கலாம்" என்றார். முகத்தில் பழைய வியாபாரியின் களை. நாம் கைப்பேசியை எடுத்துக் கொண்டு பாலத்துச் சுவருக்குப் புறப்பட எழுந்தோம். துணைவியார் அதற்குள் உருளிக்குள் ஒரு படி பச்சரிசியைக் கொட்டி, மேலே துணி கட்டி, லாரியில் ஏற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலில் எழுதிவிட்டிருந்தார். எடை ஏழு கிலோ.

எர்ணாகுளத்து அன்பர் அன்றிரவு மீண்டும் எழுதினார்: "உருளி இருக்கிறதா?"

"கைமாறிவிட்டது" என்று எழுதினோம்.

"என்ன விலைக்கு?" என்று கேட்டார்.

"ஓர் அண்டாவும் இரண்டு குடங்களும்" என்று எழுதினோம். அதன்பின் அவரிடமிருந்து பதில் வரவில்லை.